கவிழ்த்து வைத்த டேங்குகள்

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஒன்பதே முக்காலுக்குத் திவ்யா போன் செய்தாள். பெங்களூர் அடுகோடியில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த பட்டறையில், ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலையை இப்போது செய்பவள் அவள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்கு மட்டுமேயான பட்டறை அது. நசுங்கல் எடுப்போம், உள்ளே இருக்கும் அழுக்கையும் துருவையும் நீக்குவோம், வெளியே பெயின்ட் அடிப்போம்.

"மேடம், புதுசா சேர்ந்தவங்க சிரிக்கிறாங்க. ஊர்ல எல்லாரும் டேங்கை நிமித்தி வெச்சுப் பொட்டு வைக்கிறாங்க, நம்ம கடையில மட்டும் ஏன் கவுத்து வெச்சு அடியில வைக்கிறோம்னு கேக்கறாங்க. ஒருத்தர், இது ஓனர் குடும்பத்து வேண்டுதலாம்னு அடிச்சு விடறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"உனக்கு என்ன சொல்லி வெச்சிருக்காங்க?"

"எனக்கு யாரும் எதுவும் சொல்லல மேடம். நீங்க கவுத்தீங்க, நானும் கவுக்கறேன்."

எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கவிழ்த்து வைத்தேனே தவிர, ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அந்தக் கதையில் தப்பு என்னுடையது. பதில் நீளமானது, எழுதித் தருகிறேன் என்றேன். என் நோட்டில் தேதிகளும் உண்டு. இங்கே கிழமையும் மணியும் போதும்.

நான் அங்கே சேர்ந்தது டேங்கின் மேல் மெல்லிய கோடு இழுக்கும் வேலைக்கு. மழைக்காலத்தில் பெயின்ட் காயாது, வேலை குறையும். அப்படி ஒரு மழைக்காலத்தில் போர்மேன் ரங்கப்பா துருப்பிடித்த ஒரு டேங்கை என் முன்னால் வைத்து, "சாந்தம்மா, இதுக்குள்ள பாரு," என்றார். அப்படியே நான் உள்வேலைக்காரி ஆகிவிட்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். மீதியெல்லாம் டேங்குகள் சொல்லிக் கொடுத்தவை.

டேங்குக்குள் துரு எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். தண்ணீர்தான். பாதி காலியான டேங்கில் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், குளிர்ந்தால் அது உள்சுவரில் துளித்து வழிந்து பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். இப்போது மழை வந்தால் அடித்தள பார்க்கிங்கில் வண்டியே முழுகிப் போகிறது; அது நேர்வழி. துரு செதிலாக உதிர்ந்து பெட்ரோல் குழாயின் சல்லடையை அடைக்கும். வண்டி நாலு கிலோமீட்டர் நன்றாக ஓடும், நிற்கும், பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் மறுபடி ஓடும். வண்டிக்காரர் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றுவார், கடைசியில் எங்களிடம் வருவார்.

ரங்கப்பாவின் முறை இது. முதலில் பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடித்து, துணியில் தங்கியதைப் பார்க்க வேண்டும். பழுப்புப் பொடி என்றால் மேல்துரு. செதில் என்றால் ஆழம். குழாயைக் கழற்றி அந்தத் துளையை ரப்பர் வைத்த போல்ட்டால் அடைக்க வேண்டும். சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு, பெட்ரோல் வாசனை முழுக்கப் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு விளிம்பு கூரான நட்டுகள் இருபத்து நான்கு. எண்ணிப் போட்டு, டேங்கின் மேல் "24" என்று சாக்பீஸால் எழுதி, பழைய கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துப் பக்கம் பக்கமாக உருட்ட வேண்டும். குழந்தையைத் தூங்க வைப்பது போலத்தான் இருக்கும், சத்தத்தைத் தவிர.

அதன் பிறகுதான் ஆசிட். எங்களிடம் இரண்டு வகை. வெள்ளைக் கேனில் இருந்தது மெதுவானது. ஒரு நாள் முழுக்க ஊற வைக்கலாம். துருவைத் தின்றபின் இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் விட்டுப் போகும். நீலக் கேனில் இருந்தது வேகமானது. இருபது நிமிடத்துக்கு மேல் விட்டால் துருவோடு நிற்காது, தகட்டிலும் கை வைக்கும். நீலக் கேனை ரங்கப்பாவிடம் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. எதை ஊற்றினாலும், ஊற்றிய மணியையும் தம் முதல் எழுத்தையும் டேங்கின் மேல் எழுத வேண்டும். வாயை மூடியால் அடைக்காமல் துணி மட்டும் போட வேண்டும். வெளியே கொட்டியதும் சோடா மாவு கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உடனே ஊதுகுழல் வைத்துச் சூட்டுக் காற்று, உடனே எண்ணெய். 'உடனே' என்பது இதில் முக்கியம். கழுவிய இரும்பு ஈரமாக அரை மணி நேரம் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

ரங்கப்பா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பெரிய தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் விழும். ஒருமுறை என் டேங்கிலிருந்து இருபத்து மூன்று நட்டுதான் வெளியே வந்தது. நான் எண்ணியதில் தப்பு இருக்கலாம் என்றேன். அவர் டேங்கை வாங்கி, காதருகே வைத்து ஒரே ஒரு முறை அசைத்தார்.

"இல்லே இதெ," என்றார். இங்கேதான் இருக்கிறது என்று. "ஒன்னு உள்ள இருக்கற வரைக்கும் டேங்க் நம்மது, சாந்தம்மா. கஸ்டமருது ஆகல."

டேங்கின் அடியில் உள்பக்கமாக எழும்பியிருக்கும் மேட்டின் பின்னால் சிக்கியிருந்த அந்த இருபத்து நான்காவதை எடுக்க எனக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. அவர் வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைக்கூட வேகமாகத் திருப்பவில்லை.

இப்போது, நான் சேர்ந்த ஏழாவது ஆண்டின் ஆயுத பூஜைக்கு வருகிறேன். முனுசாமி என்றொருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், சாணை பிடிப்பவர். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டுச் சாணைக்கல்லைச் சுற்றுவார். வண்டிதான் அவருக்குப் பட்டறை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் பொம்மசந்திரா வரைக்கும் உள்ள தையல்காரர்கள் எல்லோரும் கத்தரிக்கோலைத் தீட்டக் கொடுப்பார்கள். ஆண்டில் பாதிப் பிழைப்பு அவருக்கு அந்த மூன்று வாரம். அந்த நேரம் பார்த்து டேங்க் துருப்பிடித்துவிட்டது. பழைய மாடல், மாற்று டேங்க் கிடைக்காது. வடித்த துணியில் செதில் செதிலாக வந்தது. ரங்கப்பா துணியைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக் கேன். பூஜை முடிஞ்சு கொடுக்கலாம்," என்றார்.

அன்றே சாயங்காலம் முனுசாமி வந்தார்.

"இன்னாக்கா, பூஜைக்குக் கெடைக்காதாமே? டேங்க் இல்லாத வண்டிக்கு எப்பிடிக்கா மாலை போடறது? தலையில்லாத மாப்பிள்ளைக்கு மால போட்ட மாதிரி இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, "தரேன், வாங்க," என்று சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்துக்கு நீலக் கேனை எடுத்தேன். ரங்கப்பாவைக் கேட்கவில்லை. கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி, "4.10 - சா" என்று எழுதி, வாயில் துணி போட்டு, கழுவும் தொட்டி ஓரமாகத் தாழ்வான பலகை மேல் வைத்தேன். இருபது நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். நாலு பதினைந்துக்கு முதலாளி, சாமந்தியும் மாவிலையும் பூசணிக்காயும் வாங்கி வரச் சொன்னார். முக்குக் கடைதானே, பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று போனேன். முக்குக் கடையில் பூசணி தீர்ந்துவிட்டது. அடுத்த கடைக்குப் போனேன், மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரில் மழையோடு பண்டிகைக்கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பும்போது ஆறே முக்கால்.

பட்டறை கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டேங்குகள் எல்லாம் சாமி படத்தின் முன்னால் வரிசையாக, மூடி போட்டு, ஒரு சாக்பீஸ் எழுத்துகூட இல்லாமல் மின்னின. முனுசாமியின் டேங்கும் அதில் இருந்தது. யாரோ கொட்டிக் கழுவி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கேட்கவில்லை. கேட்டால் நீலக் கேனை எடுத்தது வெளியே வரும். ஏதோ ஒரு நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

உண்மையில் நடந்தது இது. எங்கள் பற்றவைப்புக்காரர் பஷீர் பாய் எல்லாவற்றையும் துடைத்தார். பூஜைக்கு அழுக்குத் துணி கூடாது என்று வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டார். எழுத்தைத் துடைத்தார். டேங்கைத் தூக்கியிருந்தால் கனத்தில் தெரிந்திருக்கும். அவர் பலகையோடு சேர்த்து இழுத்து வரிசையில் தள்ளிவிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பூஜை. ஸ்பேனர், சுத்தி, ஊதுகுழல், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. ஒருமுறை பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை அவற்றைத் தொடக்கூடாது. அது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். முனுசாமி டேங்க் இல்லாத வண்டியை இரண்டு தெரு தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். கையில் மாலை, சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம். தீபாராதனை முடிந்ததும் தருவதாக நான் சொல்லியிருந்தேன்.

சாம்பிராணிப் புகையில் வேறு வாசனை எதுவும் தெரியவில்லை. ரங்கப்பா வெள்ளை வேட்டியோடு தட்டில் கற்பூரம் ஏற்றினார். மணி அடித்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையை உயர்த்தியபோது பார்த்தேன். முனுசாமியின் டேங்கின் அடித்தையலில், தகடுகள் சேரும் இடத்தில், மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு சொட்டு உருண்டு நின்றது. அது பலகையில் விழுந்து வழிந்து கோலத்தின் மேல் இறங்கியது. கோலத்தின் வெள்ளைக் கோடு நுரைத்தது. சுண்ணாம்புக் கல் மாவில் ஆசிட் பட்டால் அப்படித்தான் பொங்கும். அந்த 'உஸ்' என்ற சத்தம் மணியோசையிலும் எனக்குக் கேட்டது.

ரங்கப்பாவும் பார்த்துவிட்டார். ஏற்கெனவே அவர் தட்டு அந்த டேங்குக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவர் முகம் மாறவில்லை. கற்பூரத்தை ஊதி அணைக்கவும் இல்லை. தட்டை அப்படியே தாழ்த்தாமல் பின்னால் எடுத்து, "இந்த வருஷம் வெளிய நிக்கற வண்டிக்கு மொதல்ல. எல்லாரும் வாங்க, எல்லாரும்," என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். டேங்க் இல்லாத முனுசாமியின் வண்டிக்கு அன்று முதல் ஆரத்தி.

தட்டை ஏன் வெளியே கொண்டுபோனார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு நூலகத்தில் ஒரு ரசாயனப் பாடநூலைத் தேடிப் படித்தேன். ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடியின் காற்றுத் துளை வழியே அது மெல்ல வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. அது வெடிக்க ஒரு பொறி போதும். ஒன்பது பேர் நின்றிருந்தோம்.

கற்பூரம் தெருவிலேயே எரிந்து முடிந்ததும் ரங்கப்பா ஊதுபத்திகளையும் விளக்கையும் எடுத்து வரச் சொல்லித் தண்ணீரில் அமிழ்த்தினார். பின்பக்கத்து அடுப்பையும் அணைத்துப் பின்கதவைத் திறந்து வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, யார் என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"அரே சாப், என் கல்திதான், என் தப்புதான்," என்றார் பஷீர் பாய். "பூஜைக்கு நீட்டா இருக்கட்டும்னு எழுதினதெல்லாம் நான்தான் தொடச்சேன். மூடியும் நான்தான் போட்டேன். உள்ள மால் இருக்குன்னு பாக்கல."

ரங்கப்பா தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கும். வெள்ளைக் கேன்தான் உள்ளே இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தகடு பழசு, ஓட்டை விழுந்துவிட்டது, துடைத்தவர் கவனிக்கவில்லை. பஷீர் பாய் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார். நான் இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மூச்சையும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"நாலு பத்துக்கு சார்," என்றேன். "நான்தான் ஊத்தினேன். நீலக் கேன்."

"நீலக் கேன்," என்றார் அவர். முப்பத்தொரு ஆண்டில் நான் வாங்கிய ஒரே திட்டு அந்த இரண்டு சொல்தான்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஊதுகுழல் தொட முடியாது, ஸ்பேனர் தொட முடியாது. கைக்கு யாரும் பொட்டு வைக்கல. வாங்க."

மூடியைக் கையால் திறந்து, தொட்டியில் கவிழ்த்துக் கொட்டினோம். அதே கோலமாவை இரண்டு டப்பா தண்ணீரில் கரைத்து ஊற்றினோம், பொங்கியது. பக்கத்து பேக்கரியிலிருந்து சோடா மாவு வாங்கி வந்து, பொங்கல் நிற்கும்வரை ஊற்றினோம். அடுத்த கவலை உலர்த்துவது. வானம் மூடியிருந்தது, ஊதுகுழலுக்கு மாலை போட்டிருந்தது. பின்பக்கம் பிரசாதத்துக்குக் கடலை வெந்துகொண்டிருந்த, அணைத்து வைத்த அடுப்பைப் பார்த்தார் ரங்கப்பா.

"கடலை எறக்குங்க. தண்ணி வைங்க, பெரிய பாத்திரம். தளதளன்னு கொதிக்கணும்."

"சாப், ஸ்டவ்வும் ஒரு மிஷின்தானே? அதுக்கும் ரெஸ்ட் இல்லையா?" என்று கேட்டார் பஷீர் பாய்.

"ஹசிவுக்கு ரஜா இல்ல பஷீர்," என்றார் ரங்கப்பா. பசிக்கு விடுமுறை கிடையாது. அன்று முதல்முதலாக எல்லோரும் சிரித்தோம்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சாக்கால் பிடித்துச் சுழற்றி, கொட்டி, மறுபடி ஊற்றினோம். மூன்றாவது முறைக்குத் தகடே கையில் பிடிக்க முடியாதபடி சூடானது. கடைசித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்ததும் உள்சுவரின் ஈரத்தை அந்தச் சூடே குடித்துவிட்டது. உடனே எண்ணெய். பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெள்ளி போல இருந்தது. அடித்தையலில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டை. ஆசிட்டின் பெரும்பங்கு அந்தக் கனத்த துருவிலேயே செலவாகிப் போனதால்தான் மூன்றோடு நின்றது. துரு காப்பாற்றிய டேங்க் என்று ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முனுசாமி வாசலில் மாலையோடு நின்றிருந்தார். ரங்கப்பா என்னைப் பார்த்தார். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு வாரம்க்கா," என்றார். "வருஷம் பூரா இந்த மூணு வாரத்துக்குத்தான் காத்துனு இருப்பேன்." பிறகு, "நீ சொல்லாம இருந்தா எனக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார்.

"தெரியாது. ஆனா பெட்ரோல் சூடான இன்ஜின் மேல சொட்டும். அதுக்கு மேலதான் நீங்க உக்காருவீங்க."

"நல்லா கிளப்பற பயத்த," என்றவர், மாலையை ஹேண்டிலில் மாட்டினார். டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். "நாளைக்கு நானே வந்து பக்கத்துல உக்காருவேன். என் கண்ணு முன்னாடி அடைங்க."

வியாழன் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். விஜயதசமிக்குத் தொடங்கும் முதல் வேலை அந்த டேங்க்தான் என்று ரங்கப்பா சொல்லிவிட்டார். பஷீர் பாய் அதைக் கவிழ்த்து வைத்து, நெருப்பைக் கிட்டே கொண்டுவராமல், குழாய்த் துளை வழியாகத் தையலுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். செம்புக் கட்டியை வெளியே அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து, மூன்று ஓட்டையிலும் ஒவ்வொரு பொட்டு ஈயம் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் முனுசாமி மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

"பாய், மூணாவது கொஞ்சம் கோணலா இருக்கே?"

"உனக்கு கத்தரிக்கோல்தான் நேரா வேணும். இது சொட்டாம இருந்தா போதும், நகரு."

தண்ணீரைக் கொட்டி, சூட்டுக் காற்றில் உலர்த்தி, பெட்ரோல் ஊற்றிச் செய்தித்தாள் மேல் இரண்டு மணி நேரம் வைத்தோம். காகிதம் காய்ந்தே இருந்தது. பதினொன்றே காலுக்கு டேங்க் வண்டியில் ஏறியது. இரண்டாவது உதையில் இன்ஜின் பிடித்தது. முனுசாமி உடனே போகவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, "உன் கத்தரிக்கோல எடுக்கா," என்றார். நான் டேப் வெட்டும் கத்தரிக்கோலை வாசலிலேயே தீட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பொம்மசந்திராவுக்குக் கிளம்பினார். அந்தத் தீபாவளிக்கு அவர் ஒரு நாளும் நிற்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு பூஜைக்கு முந்தைய மாலை, ரங்கப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல், பட்டறையில் இருந்த ஒவ்வொரு டேங்கையும் மூடியைக் கழற்றித் தொட்டிக்கு மேல் கவிழ்த்தார். கவிழ்த்தபடியே வரிசையில் வைத்தார். காலையில் அடியில் பொட்டு வைத்தோம். அவர் போனபின் நான் செய்தேன். நான் ஓய்வு பெற்றபின் திவ்யா செய்கிறாள். உள்ளே எதையாவது வைத்துக்கொண்டு கவிழ்ந்து நிற்க எந்த டேங்காலும் முடியாது. வேண்டுதல் இவ்வளவுதான்.

இந்த ஆண்டு பூஜையன்று நானும் போயிருந்தேன்; இதை அப்போது இன்னும் எழுதித் தரவில்லை. பதினொரு டேங்குகள் அடியைக் காட்டிக்கொண்டு நின்றன. இப்போது மணியைச் சாக்பீஸால் எழுதுவதில்லை. அட்டையில் எழுதி வாயில் கம்பியால் கட்டுகிறார்கள். கடைசியில் இருந்த டேங்கைப் பார்த்து நின்றுவிட்டேன். அடித்தையலில் வரிசையாக மூன்று ஈயப் பொட்டு. மூன்றாவது கொஞ்சம் கோணல்.

"இது யாருது?"

"பெரியவர் ஒருத்தரோடது மேடம். பொம்மசந்திராவில சாணைக் கடை வெச்சிருக்காராம். மழைத் தண்ணி உள்ள பூந்துடுச்சு. வெள்ளைக் கேன்தான் போட்டேன், ஒரு நாள் முழுக்க வெச்சேன். க்ளீனா வந்துடுச்சு. அந்த மூணு எடத்துல மட்டும் உள்ள துருவே இல்ல."

மூன்று ஈயத்தின் மேலும் தனித்தனியாகக் குங்குமம் இருந்தது. மற்ற டேங்குகளுக்கெல்லாம் நடுவில் ஒன்றுதான். இதற்கு மட்டும் ஏன் மூன்று என்று கேட்டேன்.

"தெரியல மேடம்," என்றாள் திவ்யா. "பொட்டு வைக்கறதுக்குன்னே யாரோ எடம் போட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு."